ஐந்து மணி அழுகை

என் மகள் வாஷிங் மெஷின் மேலிருந்து விழுந்தாள். பிறந்து நாற்பத்து மூன்றே நாள் ஆன குழந்தை, என் நெஞ்சு உயரத்திலிருந்து, கூடையோடு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தாள். இதைச் சொல்ல வாயெடுத்தால் இன்றைக்கும் எனக்கு ஈரக்குலை நடுங்குகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். அவளை அங்கே வைத்தது நான்தான்.

நானும் என் வீட்டுக்காரரும் சலவைக் கடை நடத்துகிறோம். ஆறு வாஷிங் மெஷின், மூன்று டிரையர், பின்பக்கம் இஸ்திரி மேஜை இரண்டு. கடைக்கு மேல் மாடியில் வீடு. இஸ்திரி போடுவதற்கு ஓர் அக்கா வருவார். அவருக்குக் கை ஓயாது, வாயும் ஓயாது.

குழந்தை பிறந்து இரண்டு வாரம் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. "இவ்வளவு சாதுவா ஒரு புள்ளையா!" என்று வந்தவர்கள் எல்லாம் கண்ணு வைத்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணிக்கு அழ ஆரம்பித்தாள். எட்டு மணிக்குத்தான் நிறுத்தினாள். பால் கொடுத்தேன், குடித்துவிட்டு அழுதாள். துணி மாற்றினேன், மாற்றிய துணியில் அழுதாள். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. பூச்சி கீச்சி கடித்திருக்குமோ என்று உச்சி முதல் உள்ளங்கால் வரை தேடினேன், ஒன்றுமே இல்லை. முகம் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து, காது கிழியக் கத்தினாள். மறுநாளும் அதே ஐந்து மணி. அதற்கு மறுநாளும் அப்படியே. நிமிஷம் பிசகாது. என் வீட்டுக்காரர் அவளுக்கு 'சைரன்' என்று பேர் வைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு வேறு வேலை கிடையாதா என்ன! ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். என் நாத்தனார் போன் பண்ணி, "உன் பால்தான் அதுக்கு ஒத்துக்கல. நீ என்னத்தத் தின்னு தொலைக்கறியோ," என்றாள். போனை வைத்துவிட்டேன். ஆனால் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. பால் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் விஷத்தைக் கொடுக்கிறேனோ என்று திக்திக்கென்று இருந்தது. மாதச் சோதனைக்குக் கொண்டுபோன இடத்தில் எடை போட்டார்கள், ஊசி போட்டார்கள். "நல்லா எடை ஏறியிருக்கு. சாயங்கால அழுகை தானா போயிடும்," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். தானாகப் போகுமாம்! எப்போது போகும், அதுவரைக்கும் நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த அழுகையிலிருந்து நான் ஓடிக்கொண்டிருந்தேன். ஐந்து அடிக்கும், அவள் வாயைத் திறப்பாள், நான் அவளை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவேன். "யாராவது வேலையப் பாக்கணும்ல?" என்பேன். இறங்கியதும் ஒன்பது மெஷினையும் ஓடவிடுவேன். பாதி காலியாக இருந்தாலும் ஓடவிடுவேன். அந்த இரைச்சலில் மாடியில் என்ன நடக்கிறது என்று காதில் விழாது. அவர் மூன்று மணி நேரம் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார், முன்னங்கையில் குப்புறப் போட்டு ஆட்டுவார், முதுகைத் தட்டுவார், விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் 'ஸ்ஸ்ஸ்' என்று சொல்லிக்கொண்டே நிற்பார். எட்டரைக்கு நான் மேலே ஏறும்போது அவள் அடித்துப்போட்டாற்போலத் தூங்கிக்கொண்டிருப்பாள். தூங்குகிற குழந்தைக்கு மட்டும்தான் நான் அம்மா.

இந்த மெஷின் யோசனை தற்செயலாக வந்தது. ஒருநாள் என் வீட்டுக்காரர் வெளியே போயிருந்தபோது, இஸ்திரி அக்கா ஊக்கு எடுப்பதற்காகக் குழந்தை படுத்திருந்த கூடையை நான்காம் நம்பர் மெஷின் மேல் வைத்திருக்கிறார். மெஷின் அப்போது பிழிந்துகொண்டிருந்தது. கத்திக்கொண்டிருந்தவள் கப்பென்று வாயை மூடிக்கொண்டாள்.

"ஏய், இங்க வந்து பாரேன்! உன் மக வாய்க்கு மெஷின் பூட்டுப் போட்டுடுச்சு!" என்று அக்கா கூவினார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கண்ணை அகல விரித்துக்கொண்டு, அந்த அதிர்வில் கன்னம் குலுங்க, சமர்த்தாகப் படுத்திருந்தாள். எனக்கு அந்த மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான்.

"துணி வெக்கற எடத்துல புள்ளைய வெப்பியா? அது நகரும், தெரியாதா உனக்கு? இன்னொரு தடவ வெச்சே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

"சரிங்க, வெக்க மாட்டேன்," என்றேன். அதற்குப் பிறகு, அவர் இல்லாத நேரம் பார்த்து மூன்று தடவை வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை வேன் டிரைவர் லீவு. விடுதித் துணிகளைக் கொடுத்துவிட்டு வர, நாலு மணிக்கு அவரே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "ஆறரைக்குள்ள வந்துடுவேன். முடியலன்னா ஒரு போன் பண்ணு, திரும்பிடறேன்," என்றார். எல்லாம் தெரியும், போங்கள் என்று கையை ஆட்டினேன்.

ஐந்து மணி. வாயைத் திறந்தாள். தோளில் போட்டுக் கடைக்குள்ளேயே நடந்தேன். பால் கொடுத்தேன், துப்பினாள். பதினைந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, எனக்கு மண்டைக்குள் ஏதோ அறுந்தது. அவள் முகத்தை என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "போதும்டீ!" என்று கத்தினேன். கத்திவிட்டு என் கைகளைப் பார்த்தேன். அவள் விலாவைச் சுற்றி அவை இறுகியிருந்தன. ஒரு குலுக்கு குலுக்கப் போகிற கைகள் அவை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ, இது நானா? இவளை உடனே என் கையிலிருந்து இறக்கிவிட வேண்டும், அது மட்டும் தெரிந்தது.

எங்கே இறக்குவது? மாடியில் மெத்தை இருந்தது. ஆனால் கதறுகிற குழந்தையைப் படுக்கையில் போட்டுவிட்டு வருகிறவள் ஒரு தாயா என்று என் மனசுக்குள் ஒரு ஊரே உட்கார்ந்து காறித் துப்பியது. அதனால் நான்காம் நம்பருக்குக் கொண்டுபோனேன்.

நான்காம் நம்பருக்குள் அன்றைக்கு ஒரே ஒரு கம்பளம் கிடந்தது. கனமான ஒற்றை உருப்படியைத் தனியாகப் போடக்கூடாது. தண்ணீர் குடித்து ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டால் மெஷின் ஆடும். எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் இது. எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் அது ஒன்றுதான், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. கூடையை மேலே வைத்து, நகராமல் இருக்கட்டும் என்று ஒரு கயிற்றை எடுத்துப் பின்னாலிருந்த குழாயோடு சேர்த்துக் கட்டினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த முடிச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். அழுக்குத் துணி மூட்டைக்கு நாங்கள் போடுகிற முடிச்சு ஒன்று உண்டு. ஒரு நுனியை இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். ஈரக் கையோடு மூட்டையைப் பிரிக்க வசதி. ஒரு நாளைக்கு நூறு மூட்டை கட்டுகிற கை எனக்கு. யோசிக்கவே இல்லை. அந்த முடிச்சைத்தான் போட்டிருக்கிறேன்.

அவள் அடங்கினாள். முன்பக்கம் யாரோ மணியை அடித்தார்கள். கோட்டு வாங்க வந்த ஒரு வாத்தியார். பத்தடி தூரம்தானே என்று போனேன். அவர் சீட்டை நீட்டினார், நான் கோட்டைத் தேடினேன். பின்னால் மெஷின் வேகம் எடுத்தது. அப்புறம் தடதடவென்று, தரையை இடிக்கிற மாதிரி ஒரு சத்தம். திரும்பினேன். நான்காம் நம்பர் துள்ளிக்கொண்டிருந்தது. கயிறு தரையில் கிடந்தது. கூடை விளிம்புக்கு வந்து, ஒரு நொடி நின்று, கவிழ்ந்தது.

என் கால் ஓடியதா, நான் பறந்தேனா, எனக்குத் தெரியாது. கீழே படுக்கை விரிப்புகள் குவிந்து கிடந்தன. பாதி அதன் மேலும் பாதி தரையிலுமாகக் கிடந்தாள். மெஷின் காலடி இரும்பில் அவள் தோள் பட்டிருந்தது. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

நாற்பத்து மூன்று நாளில் நாலு வாரமாக நான் கேட்ட ஒரே வரம், இவள் சத்தம் நிற்க வேண்டும் என்பதுதான். இப்போது நின்றுவிட்டது. "அழுடி! என் கண்ணு, அழுடி! அழுதுடுடி!" என்று தரையில் மண்டி போட்டுக்கொண்டு அலறினேன். இஸ்திரி அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் நெஞ்சு ஏறியது. கத்தினாள். எனக்குப் போன உயிர் பாதிதான் திரும்பி வந்தது.

வாத்தியார் ஓடிப்போய்த் தன் காரின் கதவைத் திறந்தார். அக்காவும் ஏறிக்கொண்டு, வழியிலேயே என் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினார். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் குழந்தையை வாங்கி மேஜையில் கிடத்தினார். டாக்டரம்மா வந்தார். நரைக்க ஆரம்பித்த தலை, அவசரப்படாத கை.

"எப்படி விழுந்தா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "கட்டில்லேருந்து டாக்டர். தாழ்வான கட்டிலு. புரண்டு விழுந்துட்டா."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எனக்கும் அந்தப் பொய்யை அப்படியே பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. டாக்டர் "கட்டில்" என்று சொல்லிக்கொண்டே எழுதப்போனார். அப்போதுதான் உறைத்தது. அவர் அந்த உயரத்தை வைத்துத்தான் என் பிள்ளையைப் பார்க்கப் போகிறார்.

"இல்ல டாக்டர். வாஷிங் மெஷின் மேலேருந்து. இவ்வளவு உயரம்," என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். "நான்தான் வெச்சேன். தினமும் சாயங்காலமானா அழுவா, அந்த அழுகைய நிறுத்தறதுக்காக வெச்சேன்."

நர்ஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். டாக்டர் பார்க்கவில்லை. எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். கண்ணில் வெளிச்சம் அடித்தார், உச்சிக்குழியைத் தடவினார், வயிற்றை அமுக்கினார். "தலைய ஸ்கேன் எடுத்துடலாம்," என்றார். குழந்தை கத்திக்கொண்டே இருந்தது. மணி ஆறாகப் போகிறது.

"சாயங்காலமானா தினமும் அழுவான்னு சொல்றீங்க. இது அந்த அழுகைதானா, இல்ல வேற மாதிரி இருக்கா? அம்மா நீங்கதான் சொல்லணும்," என்றார் டாக்டர்.

நான் என் மகளைப் பார்த்தேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சத்தம், சத்தம், வெறும் சத்தம். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. நாலு வாரமாகத் தினம் மூன்று மணி நேரம் அழுதிருக்கிறாள்; அதில் ஒரு நாள்கூட நான் நின்று கேட்கவில்லை. பெற்ற பிள்ளையின் அழுகை எனக்கு அடையாளம் தெரியவில்லை! அதைவிட ஒருத்திக்கு வேறென்ன அதிர்ச்சி வேண்டும்?

"தெரியல டாக்டர்," என்றேன். "நான் கேட்டதே இல்ல."

அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் பேயறைந்தாற்போல இருந்தது. "நாலாம் நம்பர் மேல வெச்சேங்க," என்றேன். அவர் என்னைத் தாண்டிப்போய் மேஜைப் பக்கத்தில் குனிந்து நின்றார். டாக்டர் அதே கேள்வியை அவரிடம் கேட்டார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார்.

"இது இல்ல டாக்டர். இது அவ அழுகையே இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"அஞ்சு மணி அழுகைன்னா நடுநடுவுல நிறுத்துவா. மூச்சு வாங்கிக்கிட்டு மறுபடி ஆரம்பிப்பா. ரெண்டு முட்டியையும் வயித்தோட மடக்குவா. ரெண்டு கையையும் சண்டைக்குப் போற மாதிரி முறுக்கிக்குவா. தூக்கினா ஒரு நிமிஷமாவது அடங்குவா. இப்ப பாருங்க, தொட்டாலே வீறிடறா." அவர் அவள் இடது பக்கம் விரலை நீட்டினார். "டாக்டர், இந்த இடது கைய அவ அசைக்கவே இல்ல."

டாக்டர் சட்டென்று சட்டையை விலக்கி, கழுத்துக்குக் கீழே விரலை மெல்ல ஓட்டினார். அவள் வீறிட்டாள். "படம் எடுக்கணும். இப்பவே," என்றார்.

தலையில் ஒன்றுமில்லை. இடது காறை எலும்பு முறிந்திருந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன எலும்பு. படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். தீக்குச்சி அளவுகூட இல்லை. என் முடிச்சு அதை ஒடித்திருக்கிறது.

"பயப்படாதீங்க. இந்த வயசுல ரெண்டு மூணு வாரத்துல தானா கூடிடும். கைய சட்டையோட சேத்து ஊக்கு குத்தி வெச்சா போதும். நாளைக்குக் காலைல வரைக்கும் இங்கயே வெச்சுப் பாப்போம்," என்றார் டாக்டர். பிறகு குழந்தைகள் பாதுகாப்பைக் கவனிக்கிற ஒரு அம்மாள் நோட்டோடு வந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். வீட்டுக்கு ஒருமுறை வந்து பார்ப்போம் என்றார். வரட்டும் என்றேன். கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முந்தின நாள் என் கை இறுகியதை அவரிடம் சொன்னேன். அதை என் வீட்டுக்காரரிடம்கூட அதுவரை சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"இது நெறைய பேருக்கு வரும்மா. வெளிய சொல்றவங்கதான் கம்மி," என்றார் டாக்டர். "இந்தச் சாயங்கால அழுகை மூணாவது வாரத்துல ஆரம்பிக்கும், ஆறாவது வாரத்துல உச்சத்துக்குப் போகும், மூணு நாலு மாசத்துல போயிடும். ஏன் வருதுன்னு எங்களுக்கே சரியாத் தெரியாது. நல்லா குடிச்சு, நல்லா எடை போடற புள்ளைக்கும் வரும். தூக்குங்க, மெல்ல ஆட்டுங்க, வெளிச்சத்தக் கொறைங்க. சில நாள் கேக்கும், சில நாள் எதுக்கும் மசியாது."

"அப்ப என் பாலு?"

"உங்க பால்ல ஒண்ணுமே இல்ல."

ஓவென்று அழுதுவிட்டேன். அவர் காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "இனிமே கை இறுகிச்சுன்னா, மெத்தையில மல்லாக்கப் படுக்க வெச்சுட்டு, கதவச் சாத்திட்டு, பத்து நிமிஷம் வெளிய போய் உக்காருங்க."

"கதறவிட்டுட்டா?"

"ஆமா. அழறதால அவளுக்கு ஒண்ணும் ஆகிடாது. நிறுத்தியே தீரணும்னு நாம பண்றதுலதான் ஆபத்து."

என் காதுகளை என்னால் நம்ப முடியவில்லை. மெத்தை. மாடியில், பதினாலு படிக்கு மேலே, காலியாகக் கிடந்த அந்த மெத்தை! வெறுமனே அதில் கிடத்திவிட்டுப் போயிருந்தால் போதுமாம்.

வீட்டுக்குத் திரும்பும்போது வேனில் என் வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்தபடியே, "ஒரு போன் பண்ணியிருந்தா வண்டியத் திருப்பியிருப்பேன்ல," என்றார்.

"கூப்பிட்டா நான் தோத்துட்டேன்னு ஆயிடும்னு நெனச்சேங்க."

"யார்கிட்டடி தோப்பே? நாப்பத்து மூணு நாள் குழந்தைகிட்டயா?"

மடியில் கிடந்தவளின் சட்டை ஊக்கைச் சரிசெய்தேன்.

அன்று மாலை ஐந்து மணிக்கு அவர் வழக்கம்போலக் கையை நீட்டினார். "வேண்டாம், நீங்க கீழ போங்க. மெஷின் எதையும் போடாதீங்க," என்றேன். அவர் போகவில்லை, கதவுப் பக்கத்திலேயே நின்றார். சட்டையோடு ஊக்குக் குத்திய இடது கை நெஞ்சில் கிடக்க, அவள் அழ ஆரம்பித்தாள். வீடே நிசப்தமாக இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். கத்தினாள், நிறுத்தினாள், மூச்சு வாங்கினாள், மறுபடி ஆரம்பித்தாள். ஆரம்பிப்பதற்கு முன்னால் கீழுதடு ஒருமுறை நடுங்கியது. முட்டி இரண்டும் வயிற்றோடு ஒட்டிக்கொண்டன. கட்டாத வலது கை மட்டும் முறுக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தது.

"இதுதானே?" என்று திரும்பிக் கேட்டேன்.

"இதேதான்," என்றார்.

ஆறு மணிக்கு என் தோள் இறுக ஆரம்பித்தது. அவளை மெத்தையில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். உள்ளே அவள் அழுதாள், நான் வெளியே இருந்து கேட்டேன். பத்து நிமிஷம் கழித்து எழுந்துபோய் அவளைத் தூக்கிக்கொண்டேன்.